பலவேசத்தின் ‘இதர’ கட்டு

பேட்டையில் கடல்நட்சத்திரம் பம்ப் கம்பெனி எங்கே என்று கேட்டால் டீக்கடைக்காரர் முதற்கொண்டு எல்லாரும் வழி சொல்வார்கள். அந்தக் கம்பெனிக்குள் ஒரு தாள் எங்கே என்று கேட்டால் சொல்லக்கூடியவர் பலவேசம் ஒருவர்தான். அதையும் அவர் சட்டென்று சொல்லிவிட மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், கைக்குட்டையால் துடைப்பார், மறுபடி மாட்டுவார், “எந்த வருசம்?” என்பார். வருசம் தெரியாது என்று சொன்னால், “அப்ப ஆத்துல தண்ணி போச்சா, போவலையா?” என்று கேட்பார். வெள்ளம் வந்த வருசமா, அணை திறக்காத வருசமா என்று தெரிந்தால் அவருக்குப் போதும். நேரே போய்ப் பச்சை பீரோவின் ஏதோ ஒரு தட்டில் கையை விட்டு அந்தத் தாளை உருவிக்கொண்டு வந்து மேஜையில் போடுவார். போட்டுவிட்டு, கேட்டவர் முகத்தைப் பார்த்தபடியே நிற்பார். “கெட்டிக்காரருதான் அண்ணாச்சி” என்று ஒரு வார்த்தை காதில் விழாமல் அவர் அங்கிருந்து நகர்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

பிறந்தது விக்கிரமசிங்கபுரம். அப்பா நூல் மில்லில் ஷிப்டு பார்த்தவர். மகன் மில்லுக்குப் போகக் கூடாது என்று பி.ஏ. வரலாறு படிக்க வைத்தார். படித்து முடித்ததும் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்யவைத்தார். 2002-இல் பேட்டைக்கு இன்டர்வியூவுக்கு வந்த பலவேசத்தை முதலாளி ஞானப்பிரகாசம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஓர் அறைக் கதவைத் திறந்து, உள்ளே இடுப்பளவு குவிந்துகிடந்த காகிதத்தைக் காட்டி, “ஏலே, இத அடுக்குவியா?” என்றார். “அடுக்குதேன் மொதலாளி” என்று உள்ளே போன ஆள்தான். கல்யாணம் செய்துகொண்டது, இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றது, தலை நரைத்தது எல்லாம் அந்த அறையிலிருந்து நடுநடுவே வெளியே வந்து முடித்துக்கொண்ட காரியங்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த அறைக்கு அவர் இரண்டு சட்டங்கள் போட்டிருந்தார். கையெழுத்து விழுந்த தாளைக் கிழிக்கக் கூடாது என்பது முதல் சட்டம். கட்டிலிருந்து எந்தத் தாளை எடுத்தாலும் அதே இடத்தில் ஒரு மஞ்சள் சீட்டு வைக்க வேண்டும் என்பது இரண்டாவது. என்ன தாள், எடுத்தவர் யார், எதற்கு, எப்போது திரும்பும் என்று நாலு வரி அதில் எழுத வேண்டும். ஒருமுறை முதலாளியே அவசரத்துக்கு ஒரு வரைபடத்தைச் சீட்டில்லாமல் எடுத்துவிட்டார். பலவேசம் முதலாளி வீட்டுக்கே போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதரின் இடது கையில் பேனாவைக் கொடுத்துச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்.

அந்த முதலாளியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஞானப்பிரகாசத்துக்குப் பூர்வீகம் புன்னைக்காயல். ஆறு கடலில் விழுகிற இடத்தில் பிறந்து, படகிலிருந்து கரைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். நாலடி தள்ளி நிற்பவரிடமும் அதே குரலில்தான் பேசுவார். மனசு வெள்ளை, கோபம் வந்தால் மட்டும் கையில் பேனா இருக்கக் கூடாது. எந்நேரமும் இருக்கும். பலவேசம் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், ஏதோ ஒரு டெண்டர் நகல் கிடைக்கவில்லை என்று குதித்தவர், “ஒன்ன வேலைய விட்டு நிறுத்தியாச்சு. அத நீயே டைப் அடிச்சுக் கொண்டா” என்றார். பலவேசம் தன்னைத் தானே வேலையை விட்டு நிறுத்திக்கொள்ளும் கடிதத்தைப் பிழையில்லாமல் டைப் அடித்தார், கையெழுத்து வாங்கினார், உறையில் போட்டு ஒட்டினார், தன் விலாசத்தையும் எழுதினார். தபாலில் சேர்ப்பதும் அவருடைய வேலைதான். ஆனால் அன்றைய தபால் எடுப்பு முடிந்துவிட்டது. சரி, நாளைக்குப் போடுவோம் என்று கீழ்த்தட்டில் வைத்தார். மறுநாள் காலையில் முதலாளி எட்டிப் பார்த்து, “ஏலே பலவேசம், டெண்டர் நகலு என் பையிலதான் இருந்திருக்கு. காப்பி குடிச்சியா?” என்று கேட்டார். கையெழுத்து விழுந்த தாளாயிற்றே, கிழிக்க முடியாது. எந்த ஃபைலிலும் சேர்க்கவும் முடியாது. பலவேசம் ஒரு புதுக் கட்டு போட்டு, மேலே ‘இதர’ என்று எழுதி, சிவப்பு நாடாவால் கட்டினார். எந்த ஆபீசிலும் ‘இதர’ என்று எழுதிய கட்டை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

அதிலிருந்து அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கோபத்தில் எழுதிய எந்தத் தாள் கையில் வந்தாலும் பலவேசம் அதை மூன்று நாள் ‘இதர’வில் போட்டு ஆறவைப்பார். வைண்டிங் பிரிவில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற ஜுபைதா பீவி, கம்பியின் தரம் மாறும்போதெல்லாம் ராஜினாமா எழுதிக் கொடுப்பார். மூன்றாம் நாள் அறை வாசலில் வந்து நின்று, “அண்ணாச்சி, அந்தப் பேப்பரு...” என்று இழுப்பார். “எந்தப் பேப்பரு?” என்பார் பலவேசம், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. அதோடு முடிந்தது. முதலாளி ஆத்திரத்தில் நிறுத்திய ஆட்கள் மறுநாள் வழக்கம்போல் வேலைக்கு வருவார்கள். முதலாளிக்கு மறந்திருக்கும், மறக்காவிட்டாலும் மறந்த மாதிரி இருப்பார். இப்படி இருபத்திரண்டு வருசத்தில் முப்பத்தெட்டு ராஜினாமாவும் இருபத்திரண்டு வேலைநீக்கமும் அந்தக் கட்டில் சேர்ந்திருந்தன. வேலைநீக்கத்தில் ஒன்பது பலவேசத்துக்கே வந்தவை. இதே முறையை வீட்டிலும் செய்துபார்த்தார். மிக்ஸி ரிப்பேர், குழாய் ஒழுகல் என்று மனைவி சொர்ணம் சொன்னதையெல்லாம் மூன்று நாள் ஆறப்போட்டார். சொர்ணம் ஆறுகிற ஆள் இல்லை.

கட்டிலிருந்த அறுபத்தொன்றாவது தாள்தான் விசயமே.

ஒன்பது வருசத்துக்கு முன்னால் முதலாளியின் தாயார் புன்னைக்காயலில் காலமானார். முதலாளி அப்போது கோயம்புத்தூருக்கு இரும்பு வார்ப்பு வாங்கப் போயிருந்தார். மழையில் ரோடு துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. தம்பி ஜாஸ்பர் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டு, அதற்கு மேல் வைக்க முடியாது என்று ஊர்க்காரர்கள் சொன்னதால் அடக்கம் செய்துவிட்டார். அண்ணன் போய்ச் சேர்ந்தபோது கல்லறையில் ஈர மண்தான் இருந்தது. தாய் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லையே என்ற கொதிப்போடு பேட்டைக்கு வந்தவர், இரண்டு பக்கம் எழுதினார். இனி நீ எனக்குத் தம்பி இல்லை, என் வாசலை மிதிக்காதே, நான் செத்தாலும் என் முகத்தைப் பார்க்க நீ வரக் கூடாது என்று முடித்து, உறையை ஒட்டி, “பதிவுத் தபால்ல போடுலே, ஒப்புகை அட்டையோட” என்று பலவேசத்திடம் கொடுத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று பலவேசம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. எழுதும்போதே முதலாளி ஒவ்வொரு வரியையும் அந்தக் குரலில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் எழுதினார்.

பலவேசம் அதை ‘இதர’வில் வைத்தார். முதல் நாள் போயிற்று, இரண்டாம் நாள் போயிற்று. மூன்றாம் நாளும் முதலாளி வாய் திறக்கவில்லை. ஆறவில்லை போலிருக்கிறது, நாளைக்குப் போட்டுவிட வேண்டியதுதான் என்று பலவேசம் எண்ணினார். நாலாம் நாள் காலையில் ஜாஸ்பரே வந்து நின்றார், கையில் பனையோலைப் பெட்டியில் கருவாடும் அம்மாவின் ஜெபமாலையுமாக. இருவரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத சத்தத்தில் லேத் ஓட்டியவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். ஜாஸ்பர் போன பிறகு முதலாளி பலவேசத்தைக் கூப்பிட்டு, “அவ்வளவு எழுதியிருக்கேன். அதப் படிச்சிட்டும் வந்திருக்கான் பாத்தியாலே! என் தம்பிக்கு எவ்வளவு பெரிய மனசு!” என்றார். பலவேசம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒப்புகை அட்டை வரவில்லையா என்று முதலாளி பிறகு ஒருமுறை கேட்டபோது, “தபால்ல தொலஞ்சிருக்கும் மொதலாளி” என்றார். தபால்துறையின் மேல் அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து முதலாளிக்கு அது ஒரு கதையாகிவிட்டது. கிறிஸ்துமஸ் விருந்தில் சொல்வார். மகள் ஃபிளோராவின் கல்யாணத்தில் மைக் பிடித்தே சொன்னார். நான் எழுதியதைப் படித்துவிட்டும் வந்தவன் என் தம்பி என்று அவர் நெஞ்சில் கை வைக்கும்போதெல்லாம், பின்வரிசையில் பலவேசத்துக்குப் பாயசம் தொண்டையில் நிற்கும். பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஜாஸ்பர் அண்ணன் ஏதோ பாசத்தில் உளறுகிறார் என்று சிரித்துக்கொள்வார். என்ன எழுதினாய் என்று அவரும் கேட்டதில்லை. கேட்டுவிடுவாரோ என்று பலவேசம் பயப்படாத கிறிஸ்துமஸும் இல்லை.

போன வருசம் ஃபிளோரா சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து ஆபீசைக் கையில் எடுத்துக்கொண்டாள். இந்த வருசம் ஸ்கேனர் வந்தது. பார்க்க ஓர் இட்லிப் பானை அளவுதான். மேலே தாளை அடுக்கிவைத்தால் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக் கீழே துப்பியது. நாகர்கோவிலிலிருந்து அதைப் பொருத்த வந்த சுஜின் என்பவர் விளக்கம் சொன்னார். அது படம் மட்டும் பிடிக்காது, எழுத்தையும் படிக்கும். இது புகார், இது லீவு விண்ணப்பம் என்று தானே தீர்மானித்து, உரிய ஃபைலில் சேர்த்து, உரிய ஆளின் செல்போனுக்கு நகலும் அனுப்பிவிடும். ஊழியர் சம்பந்தப்பட்ட தாள் என்றால் ஊழியர் பதிவேட்டிலும் தானே ஏற்றிவிடும்.

“எவ்வளவு நேரத்துல?” என்று கேட்டார் பலவேசம்.

“நாலு நொடி, அண்ணாச்சி.”

“மூணு நாளு வைக்காதா?”

“எதுக்கு மூணு நாளு?” என்று சுஜின் திருப்பிக் கேட்டார். பலவேசத்திடம் பதில் இருந்தது, சொல்லத்தான் முடியவில்லை.

“பழைய கட்டு எல்லாத்தையும் உள்ள விடணும் அண்ணாச்சி” என்றாள் ஃபிளோரா. “நீங்க எதை எங்க வச்சிருக்கீங்கன்னு பாத்து அது தானா பழகிக்கிடுமாம். ஒங்க மூளைய அப்படியே உள்ள எறக்கப் போறோம்.”

பலவேசத்துக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட வந்தது. ஆனால் ஃபிளோரா ஒவ்வொரு கட்டுக்கும் நம்பர் ஒட்டிக்கொண்டே வந்து, கீழ்த்தட்டில் குனிந்து ‘இதர’வுக்கு நூற்றுப் பதினேழு என்று ஒட்டி, நாடாவை அவிழ்க்காமலே தாள்களின் ஓரத்தைப் புரட்டி எண்ணி, அறுபத்தொன்று என்று எழுதியபோது, அந்தப் பெருமை வந்த வழியே போய்விட்டது. ராஜினாமாவும் வேலைநீக்கமும் வெளியே வந்தால் கொஞ்சம் சிரிப்பார்கள், கொஞ்சம் திட்டுவார்கள். அதை அவர் தாங்கிக்கொள்வார். ஜாஸ்பர் கடிதம் வெளியே வந்தால் முதலாளிக்கு அந்த ஒன்பது வருசமும் பொய்யாகிவிடும். தம்பி மன்னித்தான் என்று நம்பித்தான் அந்த மனிதர் தம்பியோடு ஒட்டிக்கொண்டார். மன்னிக்க அங்கே கடிதமே போகவில்லை என்று தெரிந்தால் என்ன ஆகும்? இதை நினைத்து இரண்டு நாள் பலவேசத்துக்குச் சோறு இறங்கவில்லை. சொர்ணம் குழம்பில் உப்பைக் குறைத்துப் பார்த்தாள், கூட்டிப் பார்த்தாள்.

புதன்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், பலவேசம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சிவப்பு நாடாவை அவிழ்த்தார். வேலை சுத்தமாக இருந்தது. அந்த உறையை உருவிச் சட்டைப் பையில் வைத்தார். மற்றத் தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினார், நாடாவைக் கட்டினார், நம்பர் வெளியே தெரிகிறதா என்று பார்த்தார். இருபத்திரண்டு வருசத்தில் அவர் செய்த முதல் திருட்டு அது. திருட்டிலும் ஓர் ஒழுங்கு இருந்ததாக அவருக்குத் தோன்றியது.

உறையைக் கிழிக்கத்தான் மனம் வரவில்லை. உள்ளே கையெழுத்து இருக்கிறதே. வீட்டில் வைத்தால் சொர்ணம் கண்டுபிடிப்பாள். ஆகவே வியாழன் சட்டையிலிருந்து வெள்ளிக்கிழமைச் சட்டைக்கும், அங்கிருந்து சனிக்கிழமைச் சட்டைக்கும் அது மாறிக்கொண்டே வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் நூற்றுப் பதினேழாம் கட்டு ஸ்கேனருக்குள் போனது. பலவேசம் பக்கத்திலேயே நின்றார், மெஷினைப் பார்க்காமல் ஃபிளோராவின் முகத்தையே பார்த்துக்கொண்டு. ஃபிளோரா சரிபார்த்து, “அறுபத்தொண்ணு. கரெக்டா இருக்கு அண்ணாச்சி” என்றாள். அறுபதுதானே இருக்க வேண்டும் என்று அவர் மனதில் ஏதோ இடறியது. ஆனால் ஆபத்து தாண்டிய நிம்மதியில் அதைப் பெரிதுபடுத்தவில்லை. முதலாளி சனிக்கிழமை சாயங்காலம் செல்போனை அணைத்தால் திங்கட்கிழமை காலையில்தான் திறப்பார். ஞாயிறு கர்த்தருடைய நாள், வாடிக்கையாளருடைய நாள் அல்ல என்பார்.

ஞாயிற்றுக்கிழமை பலவேசம் குறுக்குத்துறைக்கு ஆற்றில் குளிக்கப் போனார். தண்ணீர் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முங்கு போட்டார். இரண்டாவது முங்கில், தலை தண்ணீருக்குள் இருக்கும்போதே, புதன்கிழமை மத்தியானம் தன் கை செய்த காரியம் முழுக்க அவருக்கு நினைவு வந்தது. உறையை உருவிய கை, அவரைக் கேட்காமலே மேஜை டிராயரைத் திறந்தது. ஒரு மஞ்சள் சீட்டை எடுத்தது. நாலு வரி எழுதி, உறை இருந்த இடத்தில் வைத்துவிட்டுத்தான் நாடாவைக் கட்டியது. இருபத்திரண்டு வருசப் பழக்கம், திருட்டுக்கும் சீட்டு வைத்துவிட்டது.

மூன்றாவது முங்கு போடாமலே கரையேறினார். ஆபீஸ் பூட்டியிருந்தது. சாவி ஃபிளோராவிடம் இருந்தது. அப்படியே சாவி கிடைத்தாலும், நாலு நொடியில் போனது போனதுதான்.

திங்கட்கிழமை காலையில் அவர் போனபோது கம்பெனி வாசலில் கூட்டம். கைரேகை மெஷினில் யார் விரல் வைத்தாலும் சிவப்பு விளக்கு எரிந்து, ‘வேலையிலிருந்து விலகியவர்’ என்று எழுத்து வந்தது. ஸ்கேனர் படித்த ராஜினாமாவையும் வேலைநீக்கத்தையும் ஊழியர் பதிவேட்டில் வரிசையாக ஏற்றியிருந்தது. இருபத்தாறு பேரில் இருபத்துமூன்று பேர் வேலையில் இல்லை. மிச்சம் இருந்த மூன்று பேரும் போன மாதம் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு இன்னும் கோபம் வர நேரம் கிடைத்திருக்கவில்லை.

ஜுபைதா பீவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். “அண்ணாச்சி, நான் எப்ப வேலய விட்டேன்?”

“அஞ்சு தடவ” என்றார் பலவேசம்.

“அதையெல்லாமா வச்சிருக்கீரு?”

“கையெழுத்து இருக்குல்லா.”

வேலை முடியாததால் பேட்டையிலேயே தங்கியிருந்த சுஜின் ஓடிவந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். ஒவ்வொரு தாளாக மாற்ற நேரமில்லை. அந்தக் கட்டில் இருந்த மாதிரித் தாள் எதுவானாலும் ‘இதர, நடவடிக்கை வேண்டாம்’ என்று மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தார். பச்சை விளக்கு எரிந்தது. எல்லாரும் ஒருவர் ராஜினாமாவை ஒருவர் கேட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். பலவேசம் சிரிக்கவில்லை. உள்ளிருந்து அந்தக் குரல் கேட்டது.

“ஏலே பலவேசம்! இங்கன வா.”

முதலாளி மேஜையில் செல்போன் இருந்தது. திரையில் மஞ்சள் சீட்டு. ஃபிளோரா ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். முதலாளி அதை வாய்விட்டுப் படித்தார், பலவேசத்தின் கையெழுத்து மணிமணியாக இருந்ததால் சிரமமில்லை.

“தாள்: புன்னைக்காயல் ஜாஸ்பருக்கு மொதலாளி எழுதிய கடிதம், அனுப்பாதது. எடுத்தவர்: பலவேசம். காரணம்: மொதலாளி கண்ணில் படக் கூடாது. திரும்பும் நாள்: தெரியவில்லை.” படித்துவிட்டு நிமிர்ந்தார். “எங்கலே அது?”

பலவேசம் சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்து வைத்தார். வேர்வையில் ஓரம் மடங்கியிருந்தது. ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. ஸ்டாம்ப் ஒட்ட வேண்டிய இடம் வெறுமனே கிடந்தது. முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப அவன் இதப் படிக்கவே இல்லையா?”

“இல்ல மொதலாளி.”

“ஒம்பது வருசமா என்ன பைத்தியக்காரனாக்கியிருக்க. கல்யாண மேடையில மைக் பிடிச்சிப் பேசுனேனே, அப்பயும் நீ பாயசம் குடிச்சிக்கிட்டு இருந்திருக்க.”

“எறங்கல மொதலாளி” என்றார் பலவேசம். உண்மையைத்தான் சொன்னார். அது முதலாளிக்கு நக்கலாகப் பட்டுவிட்டது. மேஜையில் அடித்து எழுந்தார். “ஒன்ன வேலைய விட்டு நிறுத்தியாச்சு. அடிலே டைப்பு!”

பலவேசம் போய் அடித்துக்கொண்டு வந்தார். பத்தாவது முறை என்பதால் வாசகம் மனப்பாடம். தேதியை மட்டும்தான் யோசித்து அடிக்க வேண்டியிருந்தது. முதலாளி கையெழுத்துப் போட்டார். “இத ஒன் கையில குடுத்தா நீ என்ன செய்வன்னு எனக்கு இப்பத் தெரியும்” என்று சொல்லி, தானே எழுந்துபோய் ஸ்கேனருக்குள் விட்டார். தாள் உள்ளே போய்க் கீழே விழுந்தது. அந்த நாலு நொடியும் பலவேசம் பச்சை பீரோவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொள்ளவும் முயலவில்லை.

முதலாளியின் செல்போன் டிங் என்றது. அவர் எடுத்துப் பார்த்தார், கண்ணாடியை உயர்த்திக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு மகளிடம் நீட்டினார்.

“இதர. நடவடிக்கை வேண்டாம்” என்று படித்தாள் ஃபிளோரா. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அப்பா, அண்ணாச்சி மூளைய அது நல்லாவே பழகிக்கிட்டுது.”

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். சிரிப்பா, வேறேதுமா என்று தெரியாமல் தோள் குலுங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் வாயிலிருந்து பலவேசம் கேட்டே இராத ஒரு சின்னக் குரலில் பேசினார்.

“அவன் என்ன மன்னிச்சிட்டான்னு நெனச்சுதாம்லே நான் அவன மன்னிச்சேன். இல்லன்னா அன்னைக்கு நான் அவன் மூஞ்சியப் பாத்திருக்க மாட்டேன். இப்ப எதை வச்சு நான் அவனப் பாக்க?”

முதலாளி செல்போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். மறுமுனையில் கடல்காற்றும் காக்கைச் சத்தமும் கேட்டது.

“ஜாஸ்பரு, அம்மா அடக்கம் முடிஞ்சு நீ பேட்டைக்கு வந்தியே, எதுக்குலே வந்த?”

“இதென்னண்ணே காலங்காத்தால?”

“சொல்லுலே.”

“எதுக்கு வருவாவ? ஒனக்காவக் காத்திருந்தேன், ஊர்ல விடல. அம்மா மொகத்த நீ பாக்காமப் போனது என்னாலதான்னு ஒறக்கமே இல்ல. கால்ல விழணும்னு வந்தேன். நீ நல்லா வைவ, ஏசுவன்னு நெனச்சுத்தான் வந்தேன். நீ ஒரு வார்த்த வையலியே அண்ணே. கட்டிப்பிடிச்சு அழுத. அத இன்னைக்கும் நான் வீட்டுல சொல்லிக்கிட்டுதான் இருக்கேன், எங்கண்ணனுக்கு எவ்வளவு பெரிய மனசுன்னு.”

ஃபிளோரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“வஞ்சேன்லே” என்றார் முதலாளி. “ரெண்டு பக்கம் வஞ்சேன். ஒனக்குத்தான் வந்து சேரல.”

மறுமுனையில் ஜாஸ்பர் சிரித்தார். “அதுக்கென்ன, ஞாயித்துக்கெழம வாரேன். நேர்லயே வையி.”

போனை வைத்த பிறகு முதலாளி உறையைப் பலவேசத்தின் பக்கம் தள்ளினார். “கிழிச்சுப் போடு.”

பலவேசம் அதைக் கையில் எடுத்தார். கிழிக்கத்தான் பார்த்தார், விரல் ஒத்துழைக்கவில்லை.

“கையெழுத்து இருக்கு மொதலாளி.”

“அப்ப ஞாயித்துக்கெழம வரைக்கும் வையி” என்றார் முதலாளி. “வைய ஒண்ணும் ஞாபகம் வரலன்னா அதப் பாத்துப் படிக்கணும்லா.”

பலவேசம் அறைக்குப் போய், நூற்றுப் பதினேழாம் கட்டைப் பிரித்தார். மஞ்சள் சீட்டு அதன் இடத்திலேயே இருந்தது. அதை எடுத்து, திரும்பும் நாள் என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ என்பதை அடித்துவிட்டு அன்றைய தேதியை எழுதி, உறையை உள்ளே வைத்தார். அதற்குப் பக்கத்தில், ஸ்கேனருக்குக் கீழே விழுந்து கிடந்த தன்னுடைய பத்தாவது வேலைநீக்கத்தையும் வைத்துச் சிவப்பு நாடாவை இறுகக் கட்டினார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முதலாளி காப்பிக்குக் கூப்பிடுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.